ஏழாம் நம்பர் மெஷினில் ஆள் இல்லை

எங்கள் லைனில் தலைக்கு மேல் ஒரு பெரிய டிவி தொங்குகிறது. அதில் சீரியலும் வராது, கிரிக்கெட்டும் வராது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கட்டம். மெஷின் முன்னால் ஆள் நின்றால் கட்டம் பச்சை, நிற்காவிட்டால் சிவப்பு. நாள் முழுக்க இந்தப் படம்தான். இதை உட்கார்ந்து பார்க்க ஆபீசில் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "அவனுங்களுக்கு வேற வேல இல்லியா?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

நான் ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் லைன் லீடர். பென்னலூரில் பிறந்து பென்னலூரிலேயே வாக்கப்பட்டவள். எனக்கு வாய் நீளம். லைனில் பெண்களைத் திட்டுவதும் நான்தான், அவர்களுக்காக மேனேஜரிடம் போய்ச் சண்டை போடுவதும் நான்தான். கம்பெனி பஸ்ஸில் நான் ஏறியதும் டிரைவர் பாட்டை நிறுத்திவிடுவார். ஒரே நேரத்தில் ரெண்டு ரேடியோ எதுக்கு என்பார். இப்பேர்ப்பட்ட வாயை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்காக என்னால் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அவள் சிவகங்கைப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டுக் கான்ட்ராக்டர் மூலமாக எங்கள் லைனுக்கு வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹாஸ்டலில், ஒரே அறையில் நாலைந்து பெண்களோடு தங்கியிருந்தாள். ஏழாம் நம்பர் மெஷின் அவளுடையது. ஒயர் முனையில் ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்துப் பெடலை மிதித்தால், மெஷின் இறங்கி அதை ஒயரோடு சேர்த்துக் கவ்விவிடும். அந்த மெஷின் பகல் ஷிப்டில் மட்டும்தான் ஓடும். அதனால் அவளைத் தவிர வேறு யாரும் அதில் நிற்பதில்லை. வந்த புதிதில் விரலைக் கொடுத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். கொஞ்ச நாளில் அவள் கை ஓடுகிற வேகத்தைப் பார்த்து, மற்றவர்களை நான் திட்டும்போது, "ஏழாம் நம்பரப் பாரு, கத்துக்கோ" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கம்பெனியில் கோட்டைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். கம்பெனி ரோலில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு வெளிர்நீலக் கோட்டு, கான்ட்ராக்டில் வந்தவர்களுக்குக் கருநீலக் கோட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழி பிறப்பதற்கு முன்னால், கருநீலத்தில் நல்லவர்களாகப் பார்த்து நாலைந்து பேரை ரோலுக்கு எடுப்பார்கள். அவளுக்கு அதுதான் உயிர். அவள் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: ரோலுக்கு எடுத்தால் அங்கேயே இருந்துகொள், எடுக்காவிட்டால் ஊருக்கு வா, தை பிறந்ததும் மாமன் மகனோடு கல்யாணப் பேச்சு.

"இன்னாம்மா, மாப்ள புடிக்கலியா?" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"கெட்டவுக இல்லக்கா. நல்லவுகதான். எனக்கு அங்கிட்டுப் போக வேணாம், அம்புட்டுத்தான். இங்கன நானா சம்பாரிச்சு, நானா கடைக்குப் போயி, நின்னு ஒரு டீ குடிக்கிறேன்ல. அது போதும்க்கா."

நானும் அவள் வயதில் அப்படி ஒரு டீ குடிக்க ஆசைப்பட்டவள்தான். "வுடு, இந்த வாட்டி உன்னத்தான் எடுப்பாங்க" என்றேன். சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அவள் வேலைக்கு அது நடந்திருக்கும்.

ஆடி மாதத்தில் லைனை நிறுத்தி நிறுத்தி மெஷின்களுக்கெல்லாம் சென்சார் மாட்டினார்கள். மோட்டார் சூடாகிறதா என்று பார்க்க ஒன்று, எத்தனை பீஸ் என்று எண்ண ஒன்று, ஆள் நிற்கிறாரா என்று பார்க்க ஒன்று. மாட்டியவர் எங்கள் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். காஞ்சிபுரத்துக்காரர், என்னைவிடச் சின்னவர், நல்ல மனுஷன். எங்களை உட்காரவைத்து அவரே விளக்கினார்.

ஆளைப் பார்க்கிற சென்சார் தீப்பெட்டி அளவுதான். அதன் முகத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கண்ணாடி. அதிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் கிளம்பி, எதிரில் நிற்கிறவரின் வயிற்றுப் பக்கம் படுமாம். துணியில் பட்டுத் திரும்பி வந்தால் ஆள் இருக்கிறார். திரும்பி வராவிட்டால் இல்லை.

"அப்ப நான் கீறனா இல்லியான்னு என் வயித்தத் தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சிக்குமா சார் அது?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "ஆமாக்கா. உங்க முகம் அதுக்குத் தெரியாது. வெளிச்சம் திரும்பி வந்துச்சா வரலையா, அவ்ளோதான் தெரியும். பேரு உங்க கார்டுலேர்ந்து வரும். காலைல கார்டைக் காட்டித்தானே மெஷின ஆன் பண்றீங்க. ரெண்டையும் ஒண்ணாச் சேத்து அந்தப் பெட்டி அனுப்பிடும்."

அவர் காட்டிய பெட்டி தூணில் இருந்தது. சாம்பல் நிறம், சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். எல்லா சென்சார்களும் தாங்கள் பார்த்ததை அந்தப் பெட்டியிடம் சொல்லும். பெட்டி அதைப் பிரித்து அனுப்பும். எத்தனை பீஸ் என்பது எங்கள் ஆபீசுக்கும், எங்களிடம் சரக்கு வாங்கும் கார் கம்பெனிக்கும் போகும். ஆள் நின்றாரா என்பது ஹெட் ஆபீசுக்கும், ஆளை அனுப்பிய கான்ட்ராக்டரின் செல்போனுக்கும் போகும். யாருக்கு எது வேண்டுமோ அது மட்டும்தான் போகும் என்றார். அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் கம்பெனியைப் பார்த்தால் கம்பெனி மாதிரியே இருக்காது. வாசலில் வாழைமரம், உள்ளே பொரி மூட்டை, மைக்கில் அம்மன் பாட்டு. மெஷினையெல்லாம் துடைத்து விபூதி பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவோம். மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சூடம் காட்டுவார். வருஷத்தில் அந்த ஒருநாள்தான் அவர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். ஏழாம் நம்பர் மெஷினுக்கு அவள் செய்த அலங்காரத்தைப் பார்க்க மற்ற லைன் பெண்கள்கூட வந்தார்கள். பெடலுக்குப் பொட்டு, ஸ்விட்சுக்குப் பொட்டு. கடைசியில் அந்தத் தீப்பெட்டி சென்சாருக்கும், கண்ணாடிக்கு மேலே, நெற்றியில் வைப்பதுபோல அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

"அத்துக்கு ஏம்மா?" என்றேன்.

"நம்மளப் பாத்துக்கிட்டே இருக்குறது இதுதானேக்கா. இத எப்புடி விடுறது?"

பூஜை முடிந்த மறுநாள் மற்றவர்கள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். மெஷினில் எண்ணெயும் தூசியும் சேரக்கூடாது என்பது கம்பெனி சட்டம். அவள் சென்சார் மேல் இருந்த பொட்டை மட்டும் விட்டுவைத்தாள். வெள்ளிக்கிழமை வந்ததும் ஈரக் கைக்குட்டையால் பழைய பொட்டை வழித்துத் துடைத்துவிட்டுப் புதுப்பொட்டு வைத்தாள். சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன டப்பாவில் சந்தனப்பொடி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் இது நடந்தது. கும்பிட்டுவிட்டு மெஷினை ஆன் செய்வாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இன்ஜினியர்கூட ஒருநாள் பார்த்துவிட்டு, "கண்ணாடி மேல படல இல்ல? அப்ப இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

தீபாவளி நெருங்கும்போது டிவியில் ஏழாம் நம்பர் கட்டம் சிவக்க ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது ஒரு தடவை. பிறகு பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று கல்யாண வீட்டுச் சீரியல் லைட் மாதிரி. நான் வேறு வேலையாக இருக்கும்போது ஆபீசிலிருந்து போன் வரும்: "ஏழுல ஆள் இல்லையாமே?" நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அவள் அங்கேதான் நிற்பாள். ஒயரும் கையுமாக.

நாலு தடவை ஓடினேன். ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. "எங்கடி போய்த் தொலையற? நான் தல மறைஞ்சா போதுமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்கயும் போகலக்கா. இங்கனயேதான நிக்கிறேன்" என்றாள். பக்கத்து மெஷின் பெண்ணும் தலையை ஆட்டினாள். அப்புறம்தான் இது மெஷின் கோளாறு என்று இன்ஜினியரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்தார். ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். சென்சாருக்கு முன்னால் தானே போய் நின்றார். பச்சை. நகர்ந்தார், சிவப்பு. திரும்ப நின்றார், பச்சை. என்னை நிற்கச் சொன்னார். நான் நின்றேன், பச்சை. அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"பொட்ட வேணா தொடச்சிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். பொட்டு கண்ணாடிக்கு மேலே தனியாக இருந்தது. "சாமி சமாச்சாரம்க்கா, நான் கைவைக்க மாட்டேன். அது மறைக்கவும் இல்லையே" என்றார். சென்சாரில் கோளாறு இல்லை என்று சிஸ்டத்தில் போட்டுவிட்டுப் போனார்.

அவர் நின்றால் பச்சை, நான் நின்றால் பச்சை, அவள் நின்றால் மட்டும் சிவப்பு. மற்ற மெஷின்களில் இதே கருநீலக் கோட்டோடு நிற்கிற பெண்களுக்கெல்லாம் பச்சை. யார்தான் எதைச் சந்தேகப்படுவது? உண்மையைச் சொன்னால், ஒருநாள் எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்தது. தூணுக்குப் பின்னால் நின்று ஒளிந்து பார்த்தேன். அவள் அசையவில்லை. கட்டம் சிவப்பாகவே இருந்தது. எனக்கு அந்த டிவியை ஸ்பேனரால் அடித்து நொறுக்க வேண்டும் போலிருந்தது.

அதற்கப்புறம் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். பாத்ரூம் போனால் இன்னும் சிவக்குமே என்று பயம். பெஞ்சை ஒட்டி வயிற்றை அழுத்திக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றால் எப்போதாவது பச்சை வருகிறது என்று கண்டுபிடித்தாள். நாள் முழுக்க அப்படியே சாய்ந்து நின்று வேலை செய்தாள். சாயந்திரம் பஸ்ஸில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் போட்ட பீஸ் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் வைத்த சந்தனத்தைச் செவ்வாய்க்கிழமையும் வைக்க ஆரம்பித்தாள். துடைப்பாள், வைப்பாள், கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய வேண்டுவாள்.

"நல்லா வேண்டிக்கோம்மா" என்று நானும் சொன்னேன். வேறென்ன சொல்ல?

கான்ட்ராக்டருடைய சூப்பர்வைசர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். அவரை மடக்கிப் பிடித்தேன். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் போட்டோ, பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. மற்ற பெண்களுக்கெல்லாம் பச்சைக் கோடு.

"பாதி நேரம் பொண்ணு மெஷின்லயே இல்லியே, இன்னாக்கா பண்ணச் சொல்ற?"

"யோவ், மெஷின்ல இல்லாமத்தான் இவ்ளோ பீஸ் போட்டாளா? பீஸ் கணக்கு பாருய்யா!"

"பீஸ் கணக்கு எங்களுக்கு வராதுக்கா. அது கம்பெனிக்குப் போவும். எங்களுக்கு ஆள் நின்னுச்சா இல்லியான்னு மட்டும்தான் வரும்."

"அப்ப கம்பெனியக் கேளு."

"நான் யாருக்கா கேக்க? இந்தக் கோடு ஒரு அளவுக்குக் கீழ போனா இந்த செல்போன் ஆப்பே கார்டை ஆஃப் பண்ணிரும். நான் நெனச்சாக்கூட நிறுத்த முடியாது."

மேனேஜரிடம் போனேன். பீஸ் கணக்கு அவர் மேஜைமேலேயே இருந்தது. "நல்லாத்தான் பண்றா, ஆனா அது லைனோட கணக்கு. ஆளோட கணக்கு எச்.ஆர்.கிட்ட" என்றார். எச்.ஆர். அம்மாவிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சென்சார் நல்லா இருக்குன்னு மெயின்டனன்ஸே போட்டிருக்காங்களேம்மா" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கு வாயடைத்த முதல் தடவை அதுதான் என்று நினைக்கிறேன்.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு திங்கட்கிழமை காலையில், கேட்டில் அவள் கார்டைக் காட்டினாள். தடுப்புக் கம்பி திறக்கவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்தினார்கள். செக்யூரிட்டி அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். அவள் எனக்குப் போன் செய்தாள். நான் கேட்டுக்கு ஓடினேன். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கையில் சாப்பாட்டுப் பை.

"ஏதோ கோளாறும்மா, ரூமுக்குப் போ. நான் பேசறேன். ஊருக்குக் கீருக்குப் போன் போட்டுச் சொல்லிடாதே" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அழவில்லை. ஷிப்ட் பஸ் போய்விட்டதால் ரோட்டோரமாக நடந்து போனாள். கன்டெய்னர் லாரிகள் போகிற ரோடு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே லைன் ஓடிக்கொண்டிருந்ததால் திரும்பிப் போனேன்.

மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் மெஷினுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுக்கும் கருநீலக் கோட்டு. அவளுக்கும் சிவப்பு.  இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் அப்போதுதான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கழுத்தில் துளசிமணி, நெற்றியில் சந்தனம், யூனிபார்முக்குப் பதிலாகக் கறுப்புச் சட்டை. மாலை போட்டவர்களுக்கு மட்டும் கம்பெனியில் அதற்கு அனுமதி உண்டு.

"வாங்க சாமி" என்றேன். மாலை போட்டுவிட்டால் இன்ஜினியரும் சாமிதான், எலக்ட்ரீஷியனும் சாமிதான்.

வழக்கம்போல் சென்சாருக்கு முன்னால் போய் நின்றார். டிவியைப் பார்த்தார். சிவப்பு. ஒரு அடி முன்னால் போனார். சிவப்பு. வயிற்றைப் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு நின்றார். பச்சை. சிவகங்கைப் பெண் நின்ற அதே மாதிரி.

என்னைப் பார்த்தார். நான் போய் வெளிர்நீலக் கோட்டோடு நின்றேன். பச்சை. அவர் தன் கறுப்புச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் துணியை வாங்கி அந்தப் பட்டாணிக் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். துணியில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டியது. மூக்கருகில் கொண்டுபோய் மோந்தார். என்னிடமும் நீட்டினார். சந்தன வாசனை.

துடைத்த பிறகு கறுப்புச் சட்டையோடு நின்றார். பச்சை. புதுப்பெண்ணை நிற்கவைத்தார். பச்சை, அசையாத பச்சை.

அவர் மெதுவாக விளக்கினார். வெளுத்த துணியில் பட்டால் நிறைய வெளிச்சம் திரும்பி வரும். கறுத்த துணி வெளிச்சத்தைக் குடித்துவிடும், கொஞ்சம்தான் வரும். கண்ணாடி சுத்தமாக இருந்தால் அந்தக் கொஞ்சம் போதும். அவள் பழைய பொட்டை ஈரத்துணியால் வழிக்கும்போதெல்லாம் கரைந்த சந்தனம் கண்ணாடிமேல் லேசாகப் படிந்து காய்ந்திருக்கிறது. கண்ணுக்குக்கூடத் தெரியாத படலம். வந்த கொஞ்ச வெளிச்சத்தையும் அது மறைத்துவிட்டது. துடைக்கத் துடைக்க இன்னும் படிந்தது.

"நான் அன்னைக்கு வெளிர்சட்டை போட்டுட்டு நின்னேன்க்கா" என்றார். அவர் முகம் செத்துவிட்டது. எனக்குத் திட்ட மனசு வரவில்லை.

அவளுக்கு உடனே போன் போட்டேன். "கோளாறு கண்டுபுடிச்சாச்சு. உன் மேல தப்பு இல்லன்னு ஆயிடுச்சி. பஸ் எதுவும் ஏறிடாதே, ரெண்டு நாள் இரு" என்றேன். என்ன கோளாறு என்று அவளும் கேட்கவில்லை, சந்தோஷத்தில் நானும் சொல்லவில்லை. அவள் அந்தப் பக்கம் சிரித்த சத்தம் கேட்டது.

நானும் சாமியும் எச்.ஆர். அம்மாவிடம் போனோம். அவர் அந்தத் துணியை வாங்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. அவர் நம்பாமல் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், மேஜையைத் தட்டியிருப்பேன். நம்பியவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

"பாவம்மா. ஆனா கார்டு ஆஃப் ஆனதும் அந்த ஆளோட டேட்டா லாக் ஆயிடும். யாராலயும் திருத்த முடியாது" என்றார்.

"தப்பான டேட்டா மேடம் அது!"

"தப்பா இருந்தாலும் திருத்த முடியாதும்மா. நாங்க யாரும் உள்ள பூந்து மாத்த முடியாதுன்னு சொல்லித்தான் கார் கம்பெனிகிட்ட ஆர்டரே வாங்கியிருக்கோம்."

ஹெட் ஆபீசுக்கு அவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கத்தில் பேசியவரும் மரியாதையாகத்தான் பேசினார். விவரமாக மெயில் அனுப்பச் சொன்னார். சாமி அங்கேயே உட்கார்ந்து அனுப்பினார், போட்டோவெல்லாம் வைத்து. மறுநாள் பதில் வந்தது. கோளாறு பதிவு செய்யப்பட்டது, இனி வாரம் ஒருமுறை எல்லா சென்சார் கண்ணாடிகளையும் உலர்ந்த துணியால் துடைக்கவும், மெஷின்மேல் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டாம். நான் சாமியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். அவளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. திரும்ப எழுதினார். அந்தக் கோளாறு முடித்துவைக்கப்பட்டது என்று பதில் தானாக வந்தது.

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசரிடமும் கெஞ்சினேன். நான் கெஞ்சி அந்த ஆள் பார்த்ததில்லை. அவரே சங்கடப்பட்டுவிட்டார். "ஆஃப் ஆன கார்டை ஆன் பண்ண பட்டனே இல்லக்கா எங்கிட்ட" என்றார். மறைமலை நகரில் என் நாத்தனார் வேலை பார்க்கிற கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் இதே கான்ட்ராக்டர்தான் ஆள் அனுப்புகிறார். அவள் நம்பரைப் போட்டதும் அங்கேயும் சிவப்புக் கோடு வந்ததாம். மெஷினிலிருந்து கிளம்பிய சிவப்பு அவளுக்கு முன்னால் போய் எல்லா கேட்டிலும் நின்றுகொண்டிருந்தது.

"யாருகிட்டப் போயி அத்த திருப்பி வாங்கறது சாமி?" என்று கேட்டேன்.

"செம்பரம்பாக்கம் ஏரில ஷட்டரத் தொறந்தாச்சுன்னா அப்புறம் தண்ணியக் கூப்ட்டா வருமாக்கா? அந்த மாதிரிதான்" என்றார்.

அந்தத் தண்ணீர் அடையாற்றில் வந்த வருஷம் என் தங்கை வீட்டில் கட்டில் உயரத்துக்கு நின்றது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போனேன். அவள் பையைப் பிரித்து மறுபடி அடுக்கி வைத்திருந்தாள். சந்தன டப்பா ஜன்னல் ஓரத்தில் இருந்தது.  அதைப் பார்த்ததும், சந்தனத்தால் வந்த கோளாறு என்று சொல்ல வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததை அங்கேயே விழுங்கினேன்.

"மெஷின் கோளாறுதாம்மா. ஒத்துக்கினாங்க. ஆனா பழையத மாத்த முடியாதாம்" என்றேன்.

"ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கினாங்க."

"அப்ப ஏன்க்கா?"

   அவள் எழுந்து கீழே போய் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தாள். அவளும் ஒன்று குடித்தாள். மத்தியானம், ஊருக்கு பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, "உடம்பப் பாத்துக்கங்கக்கா, கத்திக்கிட்டே இருக்காதீக" என்றாள். பஸ் போனதும் ரோட்டில் நின்று அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன.

சாமியிடம் மட்டும் ஒன்று சொல்லிவைத்தேன். சந்தன விஷயம் அவள் காதுக்கு எந்தக் காலத்திலும் போகக்கூடாது. அவர் துளசிமணியைத் தொட்டுத் தலையாட்டினார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் போன் செய்தாள். லைனில் டீ டைம். மாசியில் முகூர்த்தம் பார்த்திருக்கிறார்கள், நான் கட்டாயம் வர வேண்டும் என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. லைனில் ஒவ்வொருவரையும் விசாரித்தாள். 

"அக்கா, ஒண்ணு கேப்பேன், திட்டக்கூடாது."

"கேளு."

"வெள்ளிக்கிழமை மெஷினுக்குச் சந்தனம் வைக்கிறாகளா? நான் வந்துட்டேன்னு விட்டுறாதீகக்கா. புதுசா வந்த பிள்ளைகிட்டச் சொல்லி வைக்கச் சொல்லுங்க."

நிமிர்ந்து டிவியைப் பார்த்தேன், ஏழாம் நம்பர் பச்சை. அந்தப் பெண் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு மெஷினுக்குத் திரும்பியிருந்தாள். சென்சாரின் கண்ணாடி பளபளவென்று இருந்தது. வாரா வாரம் அதைத் துடைப்பது இப்போது என் வேலை.

"வைக்கிறோம்மா" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குப் பச்சையாக் காட்டுதா?"

"காட்டுது."

"விடாமக் காட்டுதா?"

"விடாமக் காட்டுது."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப நான் வேண்டுனது வீண் போகலக்கா" என்றாள். "எனக்குப் பலிக்கலைன்னாலும் அந்த மெஷினுக்குப் பலிச்சிருச்சு பாருங்க."

"ஆமாம்மா" என்றேன்.